ஒரு பிசானம் தவறினால்…

நெல்லில் புது ரகம் காண்கிறவர்களின் வேலை ஒரு பூவுக்குள் தொடங்குகிறது. நெற்பூவில் ஆறு மகரந்தப் பைகள். பூ தானாகத் திறப்பதற்கு முன்பே உமியின் நுனியைக் கத்தரித்து, அந்த ஆறையும் இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். ஒன்று தங்கிப்போனாலும் பூ தன் மகரந்தத்தையே ஏற்றுக்கொண்டுவிடும். பட்ட பாடு வீண். எடுத்த பிறகு கதிரைத் தாளுறையால் மூடி, மறுநாள் முற்பகலில் இன்னொரு ரகத்தின் மகரந்தத்தை அதன்மேல் தூவி, திரும்ப மூடி, பெற்றோர் ரகங்களின் பெயர் எழுதிய சீட்டைக் கட்டிவிட்டு ஒரு மாதம் காத்திருந்தால், ஒரு கைப்பிடி மணிகள் தேறுவதே பெரிது.

அந்த மணிகளை விதைத்தால் வருவது முதல் தலைமுறை. அதன் விதையை விதைத்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பம். இரண்டாம் தலைமுறையில் ஆயிரக்கணக்கான பயிர்கள் நிற்கும். ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. தூர் எத்தனை, கதிர் எவ்வளவு நீளம், காற்றுக்குச் சாய்கிறதா, குலைநோய் தொட்டிருக்கிறதா என்று வரப்பில் நடந்து நடந்து பார்த்து, எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று முடிவெடுக்க வேண்டும். இது கண் பழகிய வேலை. குறிப்பேட்டில் எழுதி இன்னொருவரிடம் முழுதாக ஒப்படைத்துவிட முடியாது. இப்படி ஐந்தாறு தலைமுறை கடந்து பயிர் ஒரே சீரான பிறகு மகசூல் சோதனை, பல ஊர்களில் சோதனை, விவசாயிகளின் வயலில் சோதனை, கடைசியில் மாநில ரக வெளியீட்டுக் குழுவின் ஒப்புதல். எட்டாண்டு ஆகலாம், பத்தாண்டு ஆகலாம், அதற்கு மேலும் இழுக்கலாம்.

அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1937 முதல் இந்த வேலை நடந்துவருகிறது. ஆடுதுறை 31ஐயும் கோ 39ஐயும் கலந்து அங்கே உருவாக்கி 1986இல் வெளியிட்ட ஏ.எஸ்.டி. 16ஐ நெல்லைச் சீமையில் ‘அம்பை 16’ என்பார்கள். குட்டையான, பருமனான அரிசி. இட்லிக்குப் பேர்போனது. நாற்பது ஆண்டு ஆகப்போகிறது, இன்னும் வயலை விட்டுப் போகவில்லை.

இந்தப் பத்தாண்டுக் கணக்கை ஒரு பெண்ணின் வயதோடு சேர்த்துப் பாருங்கள். இளநிலை, முதுநிலை, முனைவர் பட்டம் முடிக்கும்போது இருபத்தெட்டு, இருபத்தொன்பது ஆகிவிடும். வேலை கிடைத்து, ஒரு நிலையத்தில் உட்கார்ந்து, முதல் கலப்பைத் தொடங்கும்போது முப்பது. அந்தக் கலப்பு ரகமாக வெளிவரும்போது நாற்பது. கல்யாணம், பிரசவம், பால்குடி மறக்காத பிள்ளை, மாமியாரின் மூட்டுவலி, கணவருக்கு வேறு ஊரில் வேலை என எல்லாமும் வந்து சேருகிற பத்தாண்டும் அதுவேதான். ஆய்வகத்தில் வேலை செய்கிறவர் ஆறு மாதம் கழித்து வந்து, குளிர்பெட்டியில் வைத்த மாதிரியை எடுத்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வயலில் அது நடக்காது. ஐப்பசியில் நட்டு மாசியில் அறுக்கிற பிசானம் தவறினால், அடுத்த பிசானம் அடுத்த வருஷம்தான்.

வேளாண் ஆராய்ச்சியில் பெண்களை முன்னேற்ற வேண்டும் என்று பேசாத மேடை இல்லை. பரிசு கொடுக்கிறார்கள், மகளிர் தினத்தன்று பொன்னாடை போர்த்துகிறார்கள். ஆனால் ஒரு பெண் விஞ்ஞானி வயலில் இல்லாத ஒரு போகத்துக்கு அவருடைய பயிரை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்குப் பதில் இருந்தால்தான் ஆதரவு என்ற சொல்லுக்கு அர்த்தம். இந்தக் கட்டுரை முழுக்க நான் கேட்பது அந்த ஒரு கேள்வியைத்தான்.

பொருநைக் கரையின் கணக்கு

இந்தக் கேள்வியைப் பொருநை எனும் தாமிரபரணியின் கரையில் நின்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்ரீவைகுண்டம் பக்கத்துச் சிவகளையில், ஒரு முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல் கி.மு. 1155ஐச் சேர்ந்தது என்று ஆய்வு சொல்லி, 2021இல் அரசு அறிவித்தது. மூவாயிரம் ஆண்டுக்கும் மேலாக நெல்லோடு வாழ்ந்த பள்ளத்தாக்கு. கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். காரும் பிசானமும் என இரண்டு போகம். நாற்றுப் பறிப்பு, நடுகை, களையெடுப்பு, அறுப்பு என்று இந்த வயல்களில் குனிந்தே நிமிர்ந்த முதுகுகள் பெரும்பாலும் பெண்களுடையவை. இந்தியா முழுவதுமே இதே கதைதான். கிராமப்புறத்தில் வேலை செய்யும் பெண்களில் 76.9 சதவீதம் பேர் விவசாயத்தில் இருப்பதாக 2023-24ஆம் ஆண்டின் தொழிலாளர் கணக்கெடுப்பு சொல்கிறது.

படிப்பிலும் இந்தக் கரை பின்தங்கியதல்ல. தென்னிந்தியாவின் முதல் பெண்கள் கல்லூரி என்று பெயர்பெற்ற சாராள் தக்கர் கல்லூரி பாளையங்கோட்டையில் எழுந்தது 1895இல். வல்லநாட்டுக்குப் பக்கத்தில், வெளிமான்கள் மேயும் குன்றை ஒட்டிய கிள்ளிகுளத்தில் 1984இல் வேளாண்மைக் கல்லூரி வந்தது. இன்று அது வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இளநிலைப் படிப்புகளுக்கு அண்மை ஆண்டுகளில் விண்ணப்பிக்கிறவர்களில் பெண்களே அதிகம். கிள்ளிகுளத்துச் சோதனை வயல்களில் தொப்பி போட்டுக்கொண்டு, கையில் குறிப்பேட்டோடு செய்முறை வகுப்புக்கு இறங்கும் கூட்டத்தைப் பார்த்தால் இது புரியும்.

கீழே இவ்வளவு பேர். மேலே? கோவையில் 1971இல் உருவான அந்தப் பல்கலைக்கழகத்துக்கு முதல் பெண் துணைவேந்தர் கிடைக்க 51 ஆண்டுகள் ஆயின. பருவநிலை விஞ்ஞானி வெ.கீதாலட்சுமி 2022இல் பொறுப்பேற்றார். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமம் 1929இல் தொடங்கியது. அதன் துணைத் தலைமை இயக்குநராக முதலில் வந்த பெண் மீன்வள விஞ்ஞானி பி.மீனாகுமாரி. தலைமை இயக்குநர் நாற்காலியில் இன்றுவரை ஒரு பெண்கூட உட்கார்ந்ததில்லை. பிலிப்பைன்ஸில் 1960இல் பிறந்த சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் 2024இல்தான் இவோன் பின்டோவைத் தலைமை இயக்குநராக்கியது. அங்கேயும் அவர்தான் முதல் பெண். வகுப்பறை நிரம்பி வழிவதற்கும் நாற்காலி காலியாக இருப்பதற்கும் நடுவில் எங்கோ அவர்கள் கழன்றுபோகிறார்கள். அறிவுக் குறைவால் அல்ல. நடுவில் இருக்கும் அந்தப் பத்தாண்டைத் தாண்ட யாரும் கை கொடுக்கவில்லை.

கோவையை விட்டுப் போனவர்

தமிழ் மண்ணில் இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. தலச்சேரியில் 1897இல் பிறந்த ஜானகி அம்மாள், சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவருக்கு ஆசியப் பெண்களுக்கென்றே மிச்சிகன் பல்கலைக்கழகம் வைத்திருந்த பார்பர் உதவித்தொகை கிடைத்தது. அந்த ஓர் உதவித்தொகை இல்லையென்றால் இந்தக் கதையே இல்லை. 1931இல் அங்கே முனைவர் பட்டம் வாங்கினார். திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்துவிட்டு, 1934இல் கோவைக் கரும்பு இனப்பெருக்க நிலையத்துக்கு மரபியலாளராக வந்தார்.

அந்த நிலையம் அப்போதே உலகப் புகழோடு இருந்தது. தடித்த தண்டுள்ள இனிப்புக் கரும்புகளோடு ஆற்றங்கரை நாணலைக் கலந்து, வட இந்தியக் குளிரையும் வறட்சியையும் தாங்கும் ‘கோ’ ரகங்களை எடுத்த இடம். ஜானகி அம்மாள் அதற்கும் ஒரு படி மேலே போனார். கரும்பை மக்காச்சோளத்தோடும் வேறு புல்லினங்களோடும் கலந்து, அந்தக் கலப்புகளின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ணி, எந்த இனம் எதோடு உறவு என்பதைப் படம்பிடித்தார். கரும்பு–மக்காச்சோளக் கலப்பைப் பற்றிய அவருடைய குறிப்பு 1938இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. பெண், மணமாகாதவர், பிற்படுத்தப்பட்டதாக அன்று கருதப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் என்பதால் ஆண் சகாக்களிடம் அவர் பட்ட சங்கடங்களை அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள்.

1939 ஆகஸ்டில் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டுக்குப் போனவர், போர் மூண்டதும் அங்கேயே தங்கிவிட்டார். லண்டன் ஜான் இன்னிஸ் நிலையத்தில் குண்டு விழும் இரவுகளுக்கு நடுவே வேலை செய்து, சி.டி.டார்லிங்டனோடு சேர்ந்து 1945இல் பயிர்களின் குரோமோசோம் அட்டவணை நூலை வெளியிட்டார். பயிர் மரபியல் படித்தவர்கள் புரட்டாமல் இருந்திருக்க முடியாத நூல். பிறகு விஸ்லி தோட்டக்கலை நிலையம். 1951இல் நேரு அழைத்துத்தான் நாடு திரும்பினார். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. பத்மஸ்ரீ வந்தபோது வயது எண்பதை நெருங்கியிருந்தது. 1984 பிப்ரவரியில் மதுரவாயலில் காலமானார். கிள்ளிகுளத்தில் கல்லூரி தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

ஜானகி அம்மாளைப் ‘பெரும் சாதனையாளர்’ என்று சொல்லி முடித்துவிடுவது நம் வழக்கம். எனக்கு அது போதவில்லை. கோவையில் ஐந்தாண்டு இருந்தவர் இருபத்தைந்தாண்டு இருந்திருந்தால் கரும்பில் என்ன வந்திருக்கும்? அந்த நஷ்டம் அவருடையது மட்டும் அல்ல. கரும்பு போட்ட ஒவ்வொரு விவசாயியினுடையதும்தான்.

சட்டம் எங்கே நிற்கிறது?

நல்லதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் அரசுப் பணியில் இருக்கும் பெண்களுக்கு மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாதம். நாட்டிலேயே தாராளமானவற்றில் ஒன்று. அந்த விடுப்புக் காலம் தகுதிகாண் பருவத்துக்கும் கணக்கில் வரும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பிள்ளை பெற்றதால் பணிமூப்பில் பின்தங்கிய பெண்கள் பல ஆண்டுகளாகக் கேட்டது இது. அரசுத் துறைகளுக்குச் சொன்னதைப் பல்கலைக்கழகங்களும் ஒரு சொல் குறையாமல் நடைமுறைப்படுத்த வேண்டும்.

ஆனால் பன்னிரண்டு மாதம் என்றால் ஒரு காரும் ஒரு பிசானமும். விடுப்பில் போகிறவரின் மூன்றாம் தலைமுறை, நான்காம் தலைமுறைப் பயிர்கள் யார் பொறுப்பு? அவர் திரும்பி வரும்போது அந்தச் சோதனை இன்னொருவர் பெயரில் போயிருந்தால், விடுப்பு கொடுத்தும் பயனில்லை. பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும், திட்டம் வேண்டும், ரகம் வேண்டும். புள்ளி போடும் குழு விடுப்பை மன்னிக்கலாம். விளையாத போகத்துக்குப் புள்ளி எங்கிருந்து வரும்?

பிள்ளைக் காப்பகம் இன்னொன்று. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் இருக்க வேண்டும் என்ற விதியை 2017இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம் கொண்டுவந்தது. கோவைத் தலைமையகத்துக்கு அது சரி. வயலுக்கு நடுவே ஒரு சிறு கட்டடமும் சில விஞ்ஞானிகளும் மட்டுமே இருக்கும் ஆராய்ச்சி நிலையங்களைச் சட்டம் கண்டுகொள்வதில்லை. காலை ஏழு மணிக்குப் பூ பார்க்க வயலில் இறங்க வேண்டியவருக்கு ஒன்பது மணிக்குத் திறக்கும் காப்பகமும் உதவாது.

இடைவெளி விட்டுத் திரும்பும் பெண் விஞ்ஞானிகளுக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை பல ஆண்டுகளாக உதவித் திட்டங்கள் நடத்துகிறது. 57 வயது வரை விண்ணப்பிக்கலாம் என்ற தளர்வோடு வந்த திட்டம், பலரை வீட்டிலிருந்து ஆய்வகத்துக்குத் திரும்ப அழைத்துவந்தது. அதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அதன் காலம் மூன்றாண்டு. மூன்றாண்டில் ஒரு வேதிப்பொருளை ஆராய்ந்து முடிக்கலாம். ஒரு நெல் ரகத்தை முடிக்க முடியாது. பயிர் விஞ்ஞானிகளுக்கென்று அதே திட்டத்தைப் பத்துப் போகக் கணக்கில் வகுத்தால் என்ன?

பிறகு மாறுதல். 1901 முதல் கரிசல் காட்டுக்குப் பருத்தியும் சோளமும் தந்த கோவில்பட்டி, அம்பாசமுத்திரம், திருப்பதிசாரம், ஆடுதுறை, கோவை என்று பல்கலைக்கழகத்தின் நிலையங்கள் மாநிலம் முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. ஓரிடத்தில் தொடங்கிய கலப்பை விட்டுவிட்டு இன்னோர் இடத்துக்கு மாறுவது ஆணுக்கும் இழப்புதான். ஆனால் மாறுதல் உத்தரவு வந்ததும் ஆண் பெட்டியைக் கட்டுகிறார், குடும்பம் பின்னால் வருகிறது. பெண்ணுக்கு உத்தரவு வந்தால் வீட்டில் கூட்டம் கூடுகிறது. ‘நமக்கு எதுக்குப் பதவி உயர்வு’ என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் பழைய இடத்திலேயே நின்றுவிடும் முடிவு பல நேரம் அந்தக் கூட்டத்தில்தான் எடுக்கப்படுகிறது.

வெள்ளம் கேட்ட நெல்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி நதி வழிந்து ஓடியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கமெல்லாம் பிசானப் பயிர் தண்ணீருக்கும் மணலுக்கும் அடியில் போனது. இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கும் நெல் உலகில் இருக்கிறது. அந்தக் குணம் ஒடிசாவின் ஒரு பழைய நாட்டு நெல்லில் இருந்தது. விஞ்ஞானிகள் அதை அறிந்தது 1970களில். அதற்குப் பின்னால் இருக்கும் மரபணு எது என்று பமீலா ரொனால்ட் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் அடையாளம் காட்டியது 2006இல். ஸ்வர்ணா சப் 1 என்ற ரகமாக இந்திய வயலுக்கு வந்தது 2009இல். தமிழ்நாட்டிலும் சி.ஆர். 1009 சப் 1 என்று அதே குணத்தோடு ஒரு ரகம் இப்போது உண்டு. முப்பது ஆண்டு வேலை. நடுவில் யாராவது விட்டுவிட்டுப் போயிருந்தால் அந்த நெல் இன்று இல்லை.

யார் வயலில் நிற்கிறார் என்பதைப் பொறுத்து, என்ன கேள்வி எழுகிறது என்பதும் மாறும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் சமூக அறிவியலாளர் தெல்மா பாரிஸ் கிழக்கிந்திய கிராமங்களில் பெண் விவசாயிகளை வைத்தே ரகங்களைத் தேர்வு செய்ய வைத்தார். ஆண்கள் மகசூலைப் பார்த்தார்கள். பெண்கள் மகசூலோடு, சோறு எப்படி வேகிறது, வைக்கோலை மாடு தின்னுமா, கதிரடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் பார்த்தார்கள். நம் பக்கத்திலும் கோனோ வீடர் என்ற களைக்கருவியை நடுகைக்காரிகளிடம் கொடுத்தால், சேற்றில் தள்ளித் தோள் கழன்றுபோகிறது என்பார்கள். உடல் அளவும் வலுவும் ஆணுக்கென்று நினைத்துச் செய்த கருவி அது. பெண்ணாக இருந்தால்தான் இதையெல்லாம் யோசிக்க முடியும் என்று நான் சொல்லவில்லை. இத்தனை காலம் யோசிக்காமல் விட்டவர்கள் யார் என்று பார்த்தால் போதும்.

ஆப்பிரிக்கா இதை நம்மைவிட முன்னதாகப் பிடித்துக்கொண்டது. நைரோபியைத் தலைமையிடமாகக் கொண்டு 2008இல் ‘அவார்ட்’ என்ற அமைப்பு தொடங்கியது. வேளாண் விஞ்ஞானியாக இருக்கும் பெண்ணுக்கு இரண்டாண்டு ஊக்கத்தொகை. கூடவே மூத்த விஞ்ஞானி ஒருவர் வழிகாட்டியாக. அந்தப் பெண் தனக்குக் கீழே இன்னோர் இளம் பெண்ணுக்கு வழிகாட்ட வேண்டும் என்பது விதி. பணத்தைக் கொடுத்ததோடு விட்டுவிடாமல், ஆளோடு ஆளைக் கோத்துவிடும் ஏற்பாடு. கிள்ளிகுளத்தில் முதுநிலை படிக்கும் மாணவியை அம்பாசமுத்திரத்து விஞ்ஞானியோடும், அவரைக் கோவையில் ஓய்வுபெறப்போகும் பேராசிரியையோடும் இணைக்க ஒரு சுற்றறிக்கை போதும். நிதி ஒதுக்கீடுகூடத் தேவையில்லை.

நெல் ரகங்களுக்கு நாம் நிலையத்தின் பெயரைத்தான் வைக்கிறோம்: ஏ.எஸ்.டி., ஏ.டி.டி., கோ, டி.பி.எஸ். இனப்பெருக்கம் செய்தவர்களின் பெயர் வெளியீட்டுக் கோப்புக்குள் போய்விடும். அது நல்ல மரபுதான்; ரகம் ஒருவருடைய சொத்தல்ல. அந்தக் கோப்பில் யார் பெயர் இருக்கிறது என்பதுதான் பதவி உயர்வைத் தீர்மானிக்கிறது. ஆகவே கேட்க வேண்டியது இது: கலப்பைத் தொடங்கியவர் பிரசவத்துக்கோ மாறுதலிலோ போனாலும், ரகம் வெளியாகும் நாளில் அவர் பெயர் கோப்பில் இருந்தே ஆக வேண்டும் என்று விதி எழுதுங்கள். விடுப்பில் போகிறவரின் வயலுக்கு, அவர் சொல்கிறபடி பயிரைத் தேர்வு செய்து குறிப்பெடுக்க ஓர் இளநிலை ஆராய்ச்சியாளரை அந்தப் போகத்துக்கு மட்டும் நியமியுங்கள். ஒரு போகச் சம்பளம் பெரிய தொகை அல்ல. பத்தாண்டு வேலை பாழாவதைவிட மிகச் சிறியது.

2026ஆம் ஆண்டைப் பெண் விவசாயிகளுக்கான சர்வதேச ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. மாநாடுகளும் மலர்களும் வரட்டும், வரவேற்போம். பல்கலைக்கழகமும் வேளாண் துறையும் அந்த ஆண்டின் பெயரால் மேலே சொன்ன இரண்டு உத்தரவுகளைப் போட்டால் அது மாநாட்டைவிடப் பெரிது.

தாமிரபரணிக் கரையில் இருக்கும் அப்பாக்களுக்கும், நாளை மாமியாராகப் போகிற அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மகள் கிள்ளிகுளத்தில் படித்துத் தங்கப்பதக்கம் வாங்கினால் தெருவெல்லாம் இனிப்புக் கொடுக்கிறீர்கள். அவளுக்கு முப்பத்திரண்டு வயதில், கையில் பிள்ளையோடு இருக்கும்போது, வேறு ஊர் ஆராய்ச்சி நிலையத்துக்குப் பதவி உயர்வில் உத்தரவு வரும். அப்போது கூட்டம் போடாதீர்கள். அவளைப் போகச் சொல்லுங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றால், அந்தப் பிசானம் முடியும்வரை நீங்களும் கூடப் போய் இருங்கள்.